ஏழாம் கட்டம்

வானத்தை வில்லாய் வளைப்பவர்கள்
தலைமையகத்தில் இருக்கிறார்கள்.
எனக்குக் கொடுத்தது
அதைப் பங்கு போடும் வேலை.

ஒஸ்கில் ஆற்றுக்கு மேற்கே
பீட்ரூட் குவித்துவைத்திருந்த நிலவறை.
மூன்று திரை, ஒரு ஹீட்டர்,
திரைகளை நம்பாமல் நான் விரித்திருக்கும்
பழைய பள்ளிக்கூட வரைபடம்.
அதன்மேல் பென்சிலில் பதினாறு கட்டம்.

முந்நூறு மீட்டர்வரை ட்ரோன் பையன்களுக்கு.
அவர்கள் தலைக்குமேல்
பீரங்கிக் குண்டு வளைந்துபோகும் பாதை.
மர உச்சியை உரசிக்கொண்டு ஹெலிகாப்டர்.
எட்டாம் கட்டத்தில், எதையும் சந்தேகிக்கும் ஏவுகணைப் பிரிவு,
பொத்தான்மேல் விரலோடு.
எல்லோரும் நம் ஆட்கள்.
அதுதான் தொல்லை.

நாலு பத்துக்கு ஹெலிகாப்டர் ஏழாம் கட்டத்தைக் கேட்டது.
உள்ளே ஐந்து பேர், ஒருவனுக்குக் கால் இல்லை.
பீரங்கிக்குச் சொன்னேன்:
ஏழு மூடியிருக்கிறது. ஆறு நிமிடம்.

"யரீனா, மரவரிசைக்குள் இறங்குகிறார்கள்,
கண்ணால் பார்க்கிறேன், ஆறா?"
ஆறு, என்றேன்.
சவேலி என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஏற்றுக்கொண்டார்.

ஏவுகணைக்கு மூன்று முறை சொன்னேன்.
வருவது நமது. நமது. நமது.
மூன்றாவது முறை
எனக்கே சந்தேகம் வந்தது.

பச்சைப் புள்ளி ஒன்று
பாத்திர விளிம்பில் எறும்பு போவதுபோல்
கோட்டிலிருந்து கோட்டுக்குப் போனது.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
நான் மூச்சுவிட்டேனா, ஞாபகமில்லை.

ஏழு திறந்தது என்று
சொல்லி முடிப்பதற்குள்
கூரையிலிருந்து மண் கொட்டியது என் தேநீரில்.
குண்டைத் திணித்துவைத்துக்கொண்டு
காத்திருந்திருக்கிறான்.

காலையில் கணக்கு வந்தது.
ஐவரில் நால்வர் பிழைத்தார்கள்.
மரவரிசையிலிருந்து மூவர் திரும்பவில்லை.
எந்த நிமிடத்தில் என்று
யாரும் எழுதுவதில்லை.
கேட்கவும் நான் கேட்கவில்லை.
சவேலியும் கூப்பிடவில்லை.

போட்டு அழித்து, போட்டு அழித்து
ஏழாம் கட்டத்தில் தாள் மெலிந்துவிட்டது.
கீழே அச்சிட்டிருந்த ஊர்ப்பெயர்
ரப்பரோடு போய்
கடைசி இரண்டெழுத்து மிச்சம்.

பணி மாற்ற வந்த புதுப்பையன் மக்கார்
அங்கே விரல் வைத்துக் கேட்டான்,
இது எந்த ஊர்?

ஏழு, என்றேன்.
எழுதிக்கொண்டான்.