ஓரம் தொடாதே

கென்னடி சாலையில் எங்கள் கடை.
பெயர்ப்பலகை, பேனர், வேன் கண்ணாடிக்கு ஸ்டிக்கர்.
பெப்ரவரியில் ஒரு நாள்
பூட்ஸில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு ஹுயிலான் வந்தாள்,
கையில் சுருட்டிய மூன்று தாள்.
மூன்றிலும் ஒரே எழுத்து.
நூடுல்ஸ் கடைக்குப் பெயராம்: ‘மெதுவாக’.

பதினாலு கோடு என்றாள்.
எண்ணினேன், பன்னிரண்டுதான் வந்தது.
இடப்பக்கம் நிற்பது இதயம் என்றாள்.
இரண்டு சிதறல், ஒரு நெடுங்கோடு.
இதயம் மாதிரியே இல்லை.

முதல் தாள், லீஸில் கையெழுத்திட்ட இரவு எழுதியது.
கோடெல்லாம் கல்யாண வீட்டு வாசலில்
பன்னீர்ச் செம்போடு நிற்பவர்கள்போல
வயிறு தள்ளிச் சிரித்தன.

இரண்டாவதைப் பற்றி அவள் பேசவில்லை.
மை மறுபக்கம்வரை ஊறியிருந்தது.
தூரிகையை ஊன்றியபடி நின்றிருக்கிறாள்,
எடுக்க மறந்து,
அல்லது எடுக்க மனமில்லாமல்.
ரசீது எழுதும்போதுதான் சொன்னாள்:
“ஷென்யாங்குக்கு விமானம். ஒருவழி டிக்கெட்.
எனக்கல்ல.”

மூன்றாவது, ஒரு செவ்வாய்க்கிழமை.
எதுவும் நடக்காத நாள்.
மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு
அது ஊறும் நேரத்தில் எழுதியது.
கடைசிக் கோட்டின் பாதி வழியில் மை தீர்ந்திருக்கிறது,
நிறுத்தாமல் இழுத்திருக்கிறாள்.
கறுப்புக்குள் கீற்றுக் கீற்றாய்த் தாள் தெரிந்தது.
பறக்கும் வெள்ளை என்பார்களாம் அதை.
“இதையே வெட்டு.”

கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை.
ஸ்கேன் செய்ததும் ஓரமெல்லாம் மழித்து
முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைபோல
எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டது.
ஹுயிலான் திரையைப் பார்த்தாள்.
“இது யார்?” என்றாள்.

நம் எழுத்து ஓலையில் வளர்ந்தது.
அழுத்தினால் கிழியும்.
அதனால் எல்லாம் வளைந்துகொண்டது,
கோபம்கூட.
கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்று
வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்கள்.
எனக்குக் கையெழுத்து அழகு.

இரவு வேலைக்கு வரும் நிரோஜனுக்காக
மஞ்சள் துண்டில் எழுதித் திரையில் ஒட்டினேன்:
ஓரம் தொடாதே.
அவள் குனிந்து பார்த்தாள்,
தமிழில் ஒரு எழுத்தும் அறியாதவள்.
‘தே’யின் இரட்டைக் கொம்பில் விரல் வைத்து,
“இங்கே யாரைத் திட்டினாய்?”

அன்று காலைதான் வக்கீல் கடிதம் வந்திருந்தது.
நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.
கொம்பு விட்டிருக்கிறது.

ஒவ்வொரு கீற்றாகக் கையால் புள்ளி வைத்து மீட்டேன்,
இரண்டு இரவு.
அதற்குப் பணம் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மார்ச்சில் பலகை ஏறியது.
வருகிறவர்கள் பசியோடு வருகிறார்கள்,
அண்ணாந்து பார்ப்பதில்லை.
பார்த்தது பிளாசா நிர்வாகம்தான்.
மின்னஞ்சல்: வலது கீழ் மூலை சேதமடைந்துள்ளது.
பதினான்கு நாளில் சரிசெய்யவும்.

ஹுயிலான் அதை எனக்கு அனுப்பியிருந்தாள்,
கேள்வி எதுவும் சேர்க்காமல்.
பதிலை மூன்று முறை அழித்தேன்.
டைப் எழுத்தில் கை நடுங்குவது தெரியாது,
அது ஒரு வசதி.
கடைசியில் இவ்வளவுதான் போனது:

ஐயா, அது சேதமில்லை.
அன்று செவ்வாய்க்கிழமை.