ஊசி இல்லாத ஊக்கு

அமைச்சர் வந்து இறங்க வேண்டிய மைதானம்.
தாண்டிக்குடிக்கு மேலே, காப்பித் தோட்டம் முடிகிற மேட்டில்
சுண்ணாம்பால் பெரிதாக ஒரு எச் போட்டிருந்தார்கள்.
விடியவில்லை. மூக்கு நுனி என்னுடையதாக இல்லை.
திண்டுக்கல்லிலிருந்து வேனில் வந்த நாலு பேர்,
ஜூலி என்று ஒரு நாய்.
கம்பளிச் சட்டை அதற்கு மட்டும்தான் வந்திருந்தது.

வேலை தொடங்குமுன் கருவியை
என் தாலிக்கொடி ஊக்குகள்மேல் ஒருமுறை வீசுவேன்.
கீ என்றால் பேட்டரி சரி.
மூன்று வைத்திருக்கிறேன்: முள் எடுக்க ஒன்று,
அவசரத்துக்கு ஒன்று, யாராவது கேட்டால் கொடுக்க ஒன்று.

மண்ணுக்குள் எது இருந்தாலும் அதற்கு ஒரே குரல்.
பீர் மூடிக்கும் கீ. லாட ஆணிக்கும் கீ.
செல்லாத இருபத்தைந்து பைசாவுக்கும் கீ.
பதினோரு வருடத்தில் ஒரு குண்டுகூட அகப்பட்டதில்லை.
அடிவயிறு மட்டும் ஒவ்வொரு கீக்கும்
அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தது போல் இருக்கும்.

எச்சின் இடதுகாலைத் தாண்டி
பலகைக்கல் ஒன்று மண்ணில் சாய்ந்து கிடந்தது.
குள்ளர் வீடு, என்றார் தோட்டத்து மேஸ்திரி மாசிலாமணி,
பக்கத்து வீட்டைக் காட்டுகிற தொனியில்.
அதன் ஓரத்தில்
கீ.

மண்டியிட்டேன்.
பிளாஸ்டிக் கரண்டியால் ஓரம் ஓரமாக மண்ணை ஒதுக்கினேன்.
பச்சை. சுண்டுவிரல் நீளம் இருக்காது.
வில்லாக வளைந்த முதுகு. ஒரு முனையில் சுருள்.
மறுமுனையில் எதையோ பிடிக்கக் காத்திருக்கும் சின்னக் கொக்கி.
‘திரியா?’ என்றார் இன்ஸ்பெக்டர் பால்துரை,
ஐம்பதடி தள்ளி, ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்று.
‘ஊக்கு சார்.’
‘என்னது?’
‘ஊக்கு.’

ஒன்பது மணிக்கு மேகம் இறங்கி எச்சை விழுங்கியது.
ஹெலிகாப்டர் சத்தம் தலைக்குமேல் இரண்டு சுற்றுச் சுற்றி
மதுரைப் பக்கமே போய்விட்டது.
ரோஜா மாலையில் பாதியை ஜூலி தின்றது.

மூன்றாம் நாள் தொல்லியல் துறையிலிருந்து திலகவேணி வந்தார்.
கண்டெடுத்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
லென்ஸை எடுத்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.
ரோமானியர் வேலை, என்றார்.
தோளில் போர்வை நழுவாமல் குத்திக்கொள்வது.
காசு என்றால் வியக்க மாட்டேன், காசு கைமாறும்;
இது உடம்போடு வருகிற பொருள்.
மிளகுக்கு மலையேறிய ஒருவன்,
குளிர்நாட்டுக்காரன், இங்கேயே செத்திருக்கலாம்.
‘லாம்’ என்பதை இரண்டு தரம் அழுத்தினார்.

பிறகு சுருளைக் காட்டினார்.
வெண்கல ஊசி முறிந்திருக்கிறது. அந்த இடத்தில்
யாரோ இரும்பில் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
இரும்பு மண்ணாகிவிட்டது, கறை மட்டும் பாக்கி.
அங்கே வைத்ததா, இங்கேயா?
அதைச் சொல்ல முடியாது, என்றார்.

செத்த வியாபாரியை நான் நம்பவில்லை.
வத்தலக்குண்டு பஸ்ஸில் என்ன நடக்கும் என்று தெரியும்.
ரவிக்கையில் கொக்கி அறுந்த ஒருத்தி
காதருகே குனிந்து, ‘ஊக்கு இருக்கா அக்கா?’ என்பாள்.
கொடுப்போம். அவள் சித்தையன்கோட்டையில் இறங்கிவிடுவாள்.
கொடுத்த ஊக்கு திரும்பி வந்ததாக
எந்த ஊரிலும் பேச்சில்லை.
அப்படித்தான் வந்திருக்கும் இது,
கப்பலில் கொஞ்சம், கழுதையில் கொஞ்சம்,
கேட்டவளுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து.
எவளோ ஒருத்தியிடம் முறிந்து,
அவளும் தூக்கியெறிய மனசில்லாமல்.

இதை நான் திலகவேணியிடம் சொல்லவில்லை.
அவர் அளந்துகொண்டிருந்தார்.

எங்கள் படிவம் வேறு.
பொருள்: ஊக்கு, ஒன்று. ஊசி இல்லை.
ஆழம்: நான்கு விரல்.
உரிமையாளர் பெயர், தெரிந்தால்:
ஒரு கோடு இழுத்தேன்.
செயலிழக்கச் செய்யப்பட்டதா, ஆம், இல்லை:
பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
பால்துரை, ‘என்னம்மா இன்னும்?’ என்று
வாசலில் வந்து நிற்கும்வரை.