எட்டு எழுத்து

டர்பன் துறைமுகம், சர்க்கரைக் கிடங்குக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. இரவுப் பணி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெயின்ஃபிரேம்,
இந்தப் பக்கம் நாங்கள், அட்டையில் துளையிடுகிறவர்கள்.
கதவில் எழுதியிருப்பதைப் படிக்கும் அளவுக்கு
எனக்கும் ஆஃப்ரிகான்ஸ் தெரியும்.

ஒரு வேலையை ஓட்டப் பத்தொன்பது அட்டை.
ஒவ்வொன்றும் இரண்டு சாய்கோட்டில் தொடங்கும்,
காற்றோடு வரும் மழை மாதிரி.
எந்தக் கோப்பு, எந்த நாடா,
முடிந்தபின் வைத்துக்கொள்வதா அழித்துவிடுவதா.
நிபந்தனை மட்டும் தலைகீழ்:
சொன்னது உண்மையானால் ஓடாதே என்று பொருள்.
புதிதாக வந்த பெண்கள் இதற்கு அழுவார்கள்.
நான் அழவில்லை.
இந்த ஊரில் எந்தச் சட்டம் நேராக இருந்தது?

அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து
ஃபூரி ஓர் எளிய மொழி கொண்டுவந்தார்.
மொத்தமே ஏழு சொல்.
'கூலி' என்று ஒற்றை அட்டை போட்டால்
பத்தொன்பதும் உள்ளேயே முளைத்துக்கொள்ளும்.
இனி யார் வேண்டுமானாலும் எழுதலாம், என்றார்
எங்கள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டே.
மாதக் கடைசியில் எட்டுப் பேர் ஐந்து பேரானோம்.

அச்சுத்தாளைப் பிரித்தேன்.
அட்டைகள் எங்கும் போய்விடவில்லை.
சாய்கோட்டின் இடத்தில் இரண்டு பெருக்கல் குறி,
அதே பத்தொன்பது வரி, வேறு சட்டையில்.

ஜனவரி முதல் வெள்ளி. கரும்பு வெட்டினவர்களின் கூலி நின்றுபோனது.
பிழையைச் சொல்ல எளிய மொழியில் எட்டாவது சொல் இல்லை.
இயந்திரம் தன் பழைய பேச்சிலேயே கத்தியது.
ஃபூரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.
அன்றைக்கு மேரி என்று கூப்பிடவில்லை.
தாயநாயகி என்றும் கூப்பிடவில்லை.

உள்ளே அத்தனை குளிர். பதினொன்றாம் வரி.
டிசம்பர் வரை மாதத்துக்கு இரண்டு இலக்கம்,
இப்போது ஒன்று, அதற்கு முன்னால் ஓர் இடைவெளி.
இடைவெளி கண்டால் அதற்குப் பேச்சு முடிந்தது;
பின்னால் வருவதெல்லாம் வெறும் குறிப்பு,
படிக்கத் தேவையில்லை.
ஒரு சுழியம் குத்திக் கொடுத்தேன்.
ஓடியது.

சாட்ஸ்வொர்த் பஸ் ஐந்து பத்துக்கே போய்விட்டிருந்தது.
கையில் அந்தத் தாள்.
வேலையின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது,
என் குடும்பப் பெயரோ ஆங்கிலத்தில் பத்து.
படையாச், என்று நிற்கிறேன், தும்மல் மாதிரி.
பேனா எடுத்து விட்டுப்போன இரண்டையும்
கட்டத்துக்கு வெளியே எழுதினேன்.
அதற்குள் கூலி உறைகளோடு லாரி
என்னைக் கடந்து போனது,
சேற்றைக் கொஞ்சம் வாரி அடித்துவிட்டு.