காலஞ்சென்ற

கஸ்தூரியார் வீதியில் அச்சகம். மின்விசிறி இரண்டு,
ஒன்று சுற்றும்.
நான் மரண அறிவித்தல்களுக்கு எழுத்துக் கோக்கிறவள்.
பிறந்த ஊர், வதிந்த ஊர்,
லண்டன் மகன், ரொறன்ரோ மகள்,
தகனம் கோம்பயன்மணல், பிற்பகல் இரண்டு மணி.

பங்குனி வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும்.
அந்த வேர்வை சூடு. நெற்றியில் தொடங்கும்.
இது பிடரியில் தொடங்கும், குளிர்ந்து,
ஈரத் துணியை யாரோ
சொல்லாமல் போட்டுவிட்டுப் போனதுபோல.
பிறகு விரல்நுனி.
பிறகு உதடு, பல்லுப் பிடுங்க ஊசி போட்ட உதடுபோல.
பிறகு கோபம்.
நிறோஜன் பேனை கேட்டால்கூட
என் காணியைக் கேட்டதுபோல் இருக்கும்.

அன்றைக்கு வியாழக்கிழமை.
காலையில் ஊசி போட்டாயிற்று. கோண்டாவில் சந்தியில்
பஸ் வந்துவிட்டது.
இடியப்பம் மேசையில் மூடியபடி இருந்தது.
ஊசிக்கு அது தெரியாது.
அது தன் வேலையைப் பார்த்தது.

பதினொன்றரைக்குத் திரையில் எழுத்துகள்
கொம்புகளைக் கழற்றி வைத்தன.
ழகரம் காலை மடக்கிக்கொண்டு படுத்தது.
லாச்சிக்குள் ரொபி இருந்தது,
முழங்கையிலிருந்து ஒரு சாண்.
ஆனால் லாச்சியைத் திற என்று சொல்கிற இடம்தான்
முதலில் பட்டினி கிடக்கிறது.
பசித்தவளுக்குப் பசியே மறந்துபோகிற வருத்தம்.
இதை யாருக்குச் சொல்லி விளங்கவைக்க?

எப்படியோ அந்தப் பக்கத்தை முடித்தேன்.
ஐந்நூறு பிரதி. சுன்னாகம் வரை மதில்களில் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் குடையோடு ஒருவர் வந்தார்.
"காலஞ்சென்ற இராசநாயகம் நான்தான்," என்றார்.
மேல்வரியில் இருக்கவேண்டிய சொல் ஒன்று
கீழ்வரிக்கு வழுக்கி விழுந்திருந்தது.
"மச்சாளின்ரை செத்தவீட்டுக்குப் போறன்,
மதிலிலை என்னையும் ஒட்டிக்கிடக்கு.
ரெண்டு நாளாய்ச் சனம் என்னைப் பார்த்துப்போட்டு
கதைக்காமல் போகுது, பிள்ளை."

முதலாளி கைகூப்பினார். கொம்பியூட்டர் பிழை என்று
நான் பொய் சொன்னேன்.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
அதே மதிலில்தான் நானும் இருந்தேன்,
கண் திறந்தபடி,
ஒருவரும் வந்து கதைக்காமல்.

அவர் போனபிறகு நிறோஜனைக் கூப்பிட்டு லாச்சியைக் காட்டினேன்.
எட்டு வருடத்தில் முதல் தடவை.
நான் காரணமில்லாமல் ஏசினால், வேர்வையைப் பார்.
சொக்லேற் வேண்டாம், அது ஆறுதலாய்த்தான் இறங்கும்.
சீனி, மூன்று கரண்டி, தண்ணீரில்.
பதினைந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு
திரும்ப விரலைக் குத்து.
ஏறினபிறகு பிஸ்கட்டோ பாணோ தா.
ஒன்றுமில்லை, என்னை விடு என்பேன். நம்பாதே.
விழுங்க ஏலாமல் கிடந்தால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதே,
பெரியாஸ்பத்திரிக்கு ஏற்று.

"சீனி வருத்தக்காரிக்குச் சீனியோ?" என்றான்.
ஓம்.
கலியாணவீட்டுப் பலகாரத் தட்டு வந்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளின் மேசையில்
இப்போது சீனிப் போத்தல் நிற்கிறது.
மூடியைச் சுற்றி எறும்பு.
கிளினிக்கில் எனக்குச் சொல்வதற்கு முன்பே
வீட்டில் எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது, என்னைப் பற்றி.
இப்போது அச்சகத்துக்கும் தெரியும். முதலாளிக்கும்.
மத்தியானம் பிந்தினால்
ஆராவது ஒருவர் கதவோரம் வந்து
"சாப்பிட்டிட்டியளோ" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.
சில நாள் அது எரிச்சல்.

நேற்று அரைப்புள்ளி ஒன்றுக்காக நிறோஜனை ஏசினேன்,
ஒழுங்கைவரை கேட்கும்படி.
அவன் மறுபேச்சில்லாமல் மெசினை எடுத்துவந்தான்.
விரலை நீட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு.

இருவரும் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அது என் சொந்தக் கோபம்.
அரைப்புள்ளி உண்மையாகவே பிழை.