பொத்துவிலை நடத்துகிறவன்

இரவு பதினொன்றுக்குப் பிறகு ஐஸ் வாடியில்
மோட்டார் இரைச்சலும் நானும்
சியாத் மச்சான் கொரியாவிலிருந்து கொண்டுவந்த
மூடி வெடித்த லெப்டொப்பும்தான்.
ஐஸ் கணக்குப் போடத்தான் தந்தவர்.
உள்ளே ஒரு பேஸ்போல் விளையாட்டு கிடந்தது.

பேஸ்போல் மட்டையை நான் கையால் தொட்டதில்லை.
சாய்ந்தமருதில் யார்தான் தொட்டார்?
ஆனாலும் ஏழு பருவம் ஓட்டிவிட்டேன்.
வாயில் நுழையாத அணிப் பெயர்களை அழித்து
நிந்தவூர், பாலமுனை, இறக்காமம், பொத்துவில் என்று வைத்தேன்.
வீரர்களுக்கு, ஐஸ் எடுக்க வருகிறவர்களின் பெயர்.
சாய்ந்தமருதை நான் பார்க்கிறேன்.
மற்றப் பதினொன்றையும் கொம்பியூட்டர் பார்க்கிறது.

பார்க்கிறது எண்டா,
இறக்காமத்தில் நாலு கெச்சர், மூன்றாம் பேஸுக்கு ஆளில்லை.
பாலமுனை, இருபது வயதுப் பொடியனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
முழங்கால் போன முப்பத்தொன்பது வயதுக்காரனுக்கு
ஆறு வருட ஒப்பந்தம் எழுதுகிறது.
ஒன்பதாம் இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் பின்னுக்கு.
ஓடுகிறவனை நகர்த்தவென்று
பந்தை மெல்லத் தட்டி வைக்கிறது நிந்தவூர்.
நகர்வதற்கு எந்த பேஸிலும் ஆள் நிற்கவில்லை.

இந்த மடத்தனத்தை வென்று ஒரு கோப்பையா?
ஐந்து வைத்திருக்கிறேன்.
ஒருவருக்கும் சொன்னதில்லை.

நுபைலைப் பொத்துவிலுக்குக் கொடுத்தது பகிடிக்கு.
இடக்கையன்.
போட்டிலிருந்து கயிறு எறிவதும் அந்தக் கையால்தான்.
விடிய நாலு மணிக்கு வருவான்.
"ஆறு கட்டி. நான் எறிஞ்சனா?"
"இல்ல. வாங்குல."
நாற்பத்து மூன்று ஆட்டம் வாங்கில் இருந்தான்.
அவனில் பாதி தேறாத மூன்று பேர்
எறிந்து எறிந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

விலைக்குக் கேட்டேன்.
அவனுக்கு மாற்றாக இரண்டு பேர், மறுகா மூன்று,
மறுகா அடுத்த வருடத்து முதல் தெரிவும்.
"எதிர்காலத்தை நாங்கள் விற்பதில்லை"
என்றது பொத்துவில்.
நுபைல் திரைக்குள் குனிந்து பார்த்தான்.
"ஆரு அவன்? அவனோட கதைக்கேலாதா?"
"அவனெண்டு ஒருத்தன் இல்ல."
"அப்ப நான் ஆருக்கு ஏசுற?"

நாற்பத்து நாலாம் ஆட்டத்தில் போட்டது.
போட்டதும் எடுக்க மறந்துவிட்டது.
பத்து ஓட்டம் முன்னுக்கு, களைப்பு சிவப்பில்,
பின்னால் ஐந்து பேர் சும்மா குந்தியிருக்க
நூற்று அறுபத்திரண்டு பந்து.
என் ஆட்டம் இல்லை, என்னால் நிறுத்தவும் முடியாது,
இருந்தும் விசைப்பலகையில்
தட்டாத விசை ஒன்றும் மிச்சமில்லை.
முழங்கை. பதினாலு மாதம்.
அடுத்த நாள் ஒரு சதமும் கேளாமல் கழற்றி விட்டது.
காரணம்: மேலதிகம்.

அந்தக் கிழமை கடல் பெருப்பம், போட் ஒன்றும் இறங்கவில்லை.
இறங்கிய அன்று ஆறு கட்டிக்கு
வேறொரு பொடியன் வந்தான்.
"நுபைல் எங்க?"
"முதலாளி ஆள் குறைச்சிட்டார்."
"அவனையா? ஏன்?"
சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அன்று இரவு பொத்துவில் எறிந்ததை நான் எடுத்தேன்.
"இவரால் இந்தப் பருவம் பயனில்லை. உறுதியா?"
என்று கேட்டது.
பதினொரு அணிக்கு ஒரு தரமும் கேட்காத கேள்வி.
உறுதி.

நுபைல் வந்தது எட்டாம் நாள், வெறுங்கையோடு.
கட்டி ஒன்றும் கேட்கவில்லை.
மோட்டார் நிற்கும்வரை பார்த்து நின்றுவிட்டு
"நான் எறிஞ்சனா?" என்றான்.
"இப்ப நீ எங்கட ஆள். கை சுகமாக இன்னும் பதினொரு மாசம்."
"சம்பளம்?"
"போட்டிரிக்கன்."
"வேலை?"
"ஒண்டுமில்ல. வாங்குல இரிக்கணும்."
"அப்ப இரிப்பம்" என்று
மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
திரை தெரிகிற பக்கமாகப் போட்டான்.