பொய்யழைப்பு

ஸ்டான்லியில், ஓ.பி. சீட்டின் பின்பக்கம்
டாக்டர் நஸ்ரின் ஒரு வட்டம் போட்டார்.
"இது ஒரு செல். வயதாகிவிட்டது, இனிப் பிரியாது.
சாகவும் மாட்டேன் என்கிறது.
சும்மா கிடந்தாலும் பரவாயில்லை,
அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது."
வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள்,
எல்.கே.ஜி. பிள்ளை வரைந்த சூரியன் மாதிரி.

அழற்சி என்றார்.
சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே அழல்.
இருபத்தாறு வருஷம் தீயணைப்பு வண்டியில் தொங்கியவன்,
எனக்குத் தெரியாமல் இத்தனை நாள்
என் முழங்காலுக்குள்.

குப்பைமேட்டுத் தீ பார்த்திருக்கிறீர்களா?
கொடுங்கையூரில் மேலே அணைத்துவிட்டு
ஹோஸைச் சுருட்டும்போது காலடி சுடும்.
பூட்ஸின் ரப்பர் இளகும்.
சுவாலை இல்லை, சத்தம் இல்லை.
எங்கே புகைகிறது என்று
தெருப் பிள்ளைகளின் இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.
அந்த ரகம் இது.

ஆனால் நான் சொல்ல வந்தது பாண்டுரங்கத்தைப் பற்றி.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி.
ஒருமுறை நிஜமாகவே எரிந்தது, சிலிண்டர்.
அவர் மனைவியைப் போர்வையில் சுற்றி இறக்கியவன் தேவசகாயம்.
அந்த அம்மா பிழைக்கவில்லை.
அதன்பிறகு மாதத்தில் இரண்டு இரவு, மூன்று மணி பத்துக்குப் போன்:
"சார், எரியுது."

போகாமல் இருக்க முடியாது.
எது நிஜம் என்று மணிக்குத் தெரியாது,
அடித்தால் ஓடத்தான் தெரியும் எங்களுக்கு.
கதவை உடைத்தோம். கொசுவத்திச் சுருளுக்குத் தண்ணீர் அடித்தோம்.
அது ஒழுகிக் கீழ்வீட்டு அரிசி டிரம்மில் இறங்கியது.
மறுவாரம் கீழ்வீட்டு அம்மாளுக்கும் கருகல் வாடை.
அப்புறம் எதிர் பிளாக்.
கேட்டவர் காதெல்லாம் மூக்காகி
நம்பரைச் சுழற்றின.
வருஷம் போகப் போக
தீ ஒருநாளும் தொடாத சுவர்கள் ஊறி உப்பி
காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.
பதிவேட்டில் நான்தான் எழுதினேன்.
சேதம்: நீரால்.

"எதிரி என்று யாரும் இல்லை," என்றார் டாக்டர்.
"வந்தவர்கள் எல்லோரும் உங்கள் ஆட்கள்தான்.
காப்பாற்றத்தான் வந்தார்கள்.
திரும்பிப் போகச் சொல்ல ஆளில்லை."

ஞாயிறு இரவு ஆறு மஞ்சள் மாத்திரை.
அன்று ஸ்டேஷனில் பாதிப் பேரைத் தூங்கவைக்கிற ஏற்பாடு.
அதனால் காய்ச்சல் வந்தால் உடனே வந்துவிடுங்கள், சரியா?
சரி என்றேன்.
நிஜத் தீ வந்தால் யார் எழுவார் என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய மார்கழியில்
கடைசியாக ஒருமுறை அவர் பிளாக்குக்குப் போனேன்.
ஏழாவது படியில் கால் மடங்க மறுத்தது.
அங்கேயே உட்கார்ந்தேன்.
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.
பையன்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

பாண்டுரங்கம் இறங்கி வந்தார், லுங்கியும் மஃப்ளருமாக.
பக்கத்தில் உட்கார்ந்தார்.
"இன்னா சார், எங்க எரியுது?"
அவர் கேட்டது என்னை.
நான் முழங்காலைக் காட்டினேன்.

உள்ளங்கையை வைத்தார்.
மெக்கானிக் கை, எண்ணெய் வாடை.
வைத்தபடியே இருந்தார் கொஞ்ச நேரம்.
"ஆமா சார்," என்றார். "கொதிக்குது."
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஒரு தீயை அவர் கண்டுபிடித்திருந்தார்.
மேலே பையன்கள் கத்தினார்கள்,
"ஒண்ணுமில்ல சார், பொய்க் கால்!"

விடியலில் பதிவேட்டைத் திறந்தேன்.
நேரம், இடம், அழைத்தவர் பெயர் எழுதினேன்.
அழைப்பின் தன்மை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்தேன், ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

அடுத்த மாதமும் போன் வந்தது.
நான் லீவில் இருந்தேன்.