எழுத்துக்கு இரண்டு டாலர்

சாகினாவில் என் கடை.
மீன்பிடிப் போட்டிக் கோப்பைகளுக்கும்
நாய்க்கழுத்து வில்லைகளுக்கும் பெயர் பொறிக்கிறேன்.
எழுத்துக்கு இரண்டு டாலர்.
இடைவெளிக்குக் காசில்லை.

ஹோலிஸ் ப்ராட்நாக்ஸ் செத்துப் பதினோராம் நாள்
பனி உதறிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள்.
ஜிம் சுவரில் ஒரு பித்தளைத் தகடு மாட்டவேண்டுமாம்.
பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி.
அந்த ஒரு வரிக்குத்தான் சண்டை.

நாற்பத்தொன்றில் முப்பத்தேழு ஜெயம்,
அதில் முப்பத்தைந்து நாக்அவுட் என்றார் எமெட் குவார்ல்ஸ்,
அவன் புருவத்துக் கிழிசல்களைப் பஞ்சால் அடைத்தவர்.
பேசும்போதும் கட்டைவிரல்
என் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது,
இன்னும் ரத்தம் நிற்காததுபோல.
"அந்த இடக்கை ஹூக்!
வாங்கினவன் கண் திறந்ததும் கேட்பது,
இது எந்த ஊர் என்று."

"மிச்சம் நாலைச் சொல்லேன்" என்றார் ஆர்லோ பிக்கெட்.
"முப்பத்தேழில் பாதி லாரி ஓட்டுகிறவர்கள்.
ஒருவன் என் மச்சான்.
மச்சானை நானே விழத்தட்டியிருக்கிறேன்."

கிளீவ்லாந்தில் பட்டத்துக்கான அந்த இரவில்
வீட்டுக்கடன் தவணையை ஹோலிஸ்மேல் கட்டியவர் பிக்கெட்.
ஆறாவது சுற்று.
எதிராளி கயிற்றில் ஈரத்துணியாகத் தொங்குகிறான்.
இன்னொன்று. ஒன்றே ஒன்று.
ஹோலிஸ் பின்னால் நகர்ந்தான்.
கைகளை இறக்கி நடுவரைப் பார்த்தான்,
இறங்கவேண்டிய நிறுத்தம் இதுதானா என்று
ஓட்டுநரைப் பார்ப்பவன்போல.
ஒன்பதாவது மணிக்கு
முக்காலியைவிட்டு எழவே இல்லை.

"பட்டம் எட்டாத உயரத்தில் பறக்கவில்லை, அம்மா.
தோளுக்கு இறங்கி வந்தது.
நூல் கையுறையில் உரசியது.
விரலை மூடத் தெரியவில்லை, பாவிக்கு."

"மூச்சு போய்விட்டது" என்றார் குவார்ல்ஸ்.
"எங்கே போகும்? டோனட் கடைக்குப் போயிருக்கும்."
"இரக்கப்பட்டான்."
"இரக்கப்பட இருநூற்றைம்பது பவுண்டு எதற்கு?"

கையில் இருந்தது அறுபத்துநான்கு டாலர்.
பெயருக்கே இருபத்தெட்டு.
மீதிக்குப் பதினெட்டு எழுத்து.
'மாவட்டத்தின் மிகக் கனத்த கை': நீளம்.
'ஆகியிருக்கலாம்': குவார்ல்ஸ் தொப்பியை எடுத்துவிட்டார், கிளம்ப.

மூன்றாமவர் ஸப்லோட்னி, பே சிட்டிக்காரர்.
இடக்காதில் கருவி.
"நீங்கள்?" என்றேன், காகிதத்தை நகர்த்தி.
"முப்பத்தேழில் நான் பத்தொன்பது" என்றார்.
"நானூறு டாலர், நாற்பது வினாடி.
பிறகு வார்ப்பாலையில் முப்பது வருஷம்.
அந்த முப்பது வருஷத்தைப் பற்றி
யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
நாற்பது வினாடியைத்தான் கேட்கிறார்கள்,
கல்யாணத்தில், பல் ஆஸ்பத்திரியில்.
குறைவாகச் சாதித்தான் என்கிறீர்கள்.
இருக்கலாம்.
எனக்கு வந்ததில் அவன் ஒன்றும் குறைக்கவில்லை."

பிக்கெட் சிரிக்கப் பார்த்து, இருமினார்.

நான் ஒரு குத்துச்சண்டையும் பார்த்தவள் இல்லை.
முதல் பரிசு ஒன்றே ஒன்று,
என் வாடகையைக் கட்டுவது இரண்டும் மூன்றும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எதற்கு?
கடை மூடும் நேரம்.

பெயருக்கு மட்டும் பணம் எண்ணி வைத்தார்கள்.
பெயரைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பொறித்தேன்.
கீழே ஒரு வரிக்கு வெறும் பித்தளை.

மார்ச்சில் ஒரு திருகு தளர்ந்ததென்று கூப்பிட்டார்கள்.
மணல்மூட்டை அதிர்ச்சி சுவர்வரை வருகிறதாம்.
போய்ப் பார்த்தால்
வெற்றிடத்தில் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்.
அதன்மேல் வேறொருவர் குறுக்கே.
அதையும் அடித்து, இன்னொரு கை, ஆழமாக.
ஒன்றும் படிக்க முடியவில்லை.

மெருகுச் சக்கரம் வண்டியில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
திருகை மட்டும் முறுக்கிவிட்டு வந்தேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.